மூன்றாவது பொட்டலம்

முதலில் ஒரு பொட்டலம்தான் இருந்தது என் மேசையில்.
கால் கிலோ செத்தல் மிளகாய்,
சணல் முடிச்சு, அரக்கு முத்திரை,
இனோக்கா மிஸ்ஸின் சாய்ந்த கையெழுத்து.
கறிக்கு எடுக்க முடியாது. வழக்கு வந்தால் அது சாட்சி.

மாதிரியை மூன்றாகப் பிரித்தார்கள்:
ஆய்வுகூடத்துக்கு ஒன்று,
அதிகாரிக்கு ஒன்று,
கொண்டுவந்தவருக்கு ஒன்று.
கொண்டுவந்தவர் ஜௌஃபர் ஹாஜியார்,
ஐந்தாம் குறுக்குத் தெரு.
படிவத்தில் கையெழுத்து வைத்தவன் நான்.

குண்டூரில் காய்ந்து
தூத்துக்குடியில் ஏறி
ஒரே இரவில் கடல் தாண்டிய பெட்டி
ஒருகொடவத்தையில் பதினேழு நாள் நின்றது.
கடல் ஓர் இரவு. கடதாசி பதினேழு நாள்.
வாடகை டொலரில் ஏற ஏற
ஹாஜியார் தொலைபேசியில் இருமினார்:
"அமலதாஸ், மிளகாய் உறைப்பா, வாடகை உறைப்பா?"

கதவு திறந்த அன்று
சுங்க அதிகாரி தும்மினார், நாட்டாமி மரியான் தும்மினார்,
கம்பியும் கையுமாக நின்ற இனோக்கா மிஸ்
மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தும்மினார்.
தும்மலுக்கு ஒரு மொழி போதும்.
லேபிளுக்கு மூன்று வேண்டும்.
அதில் தமிழில்தான் பிழை:
'உறபத்தித் திகதி.'
புள்ளி எங்கோ நடுக்கடலில் விழுந்திருக்கிறது.

பதினேழாம் நாள் அறிக்கை வந்தது:
மனித நுகர்வுக்கு உகந்தது.
புள்ளியைப் பேனையால் வைக்கலாம் என்றார் மிஸ்.
நூற்றெண்பது மூட்டை, நூற்றெண்பது புள்ளி.
குனிந்து, நிமிர்ந்து, பெட்டியின் அடிவயிறு வரை போனேன்.

கடைசி வரிசையில் பேனை எழுதவில்லை.
சாக்கு ஈரம்.
மேலே தகரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு வெளிச்சம்.
வாய்க்கட்டை அவிழ்த்தேன்:
நனைந்த பாயின் வாடை,
காம்போரம் சாம்பல் பூத்த பூஞ்சணம்.

கம்பி பன்னிரண்டு மூட்டையைக் கேட்டது.
பன்னிரண்டும் உண்மையைச் சொல்லின.
இவற்றை யாரும் கேட்கவில்லை.

வெளியே லொறி றிவேர்ஸில் உறுமியது.
அறிக்கை என் சட்டைப்பையில்,
மடிப்புக் கலையாமல்.
ஒன்பது மூட்டையை மற்ற நூற்றெழுபத்தொன்றோடு அரைத்தால்
நிறங்கூட மாறாது.
மாளிகாவத்தையில் என் வீட்டுக்காரி
பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அரைக்கிலோ வாங்குவாள்:
"எங்கட ஆள் இறக்கின சரக்குத்தானே, நம்பி வாங்கலாம்."

ஹாஜியாருக்கு அடித்தேன்.

"ஆர் பார்த்தது?"
"நான் மட்டும்."
"நீங்க மட்டும்."
பிறகு பேச்சில்லை.
தராசுத் தட்டில் படி விழும் சத்தம்,
யாரோ ஒருவருக்குக் கொத்தமல்லி நிறுக்கும் சத்தம்.
வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
"ஒன்பதெண்டு எண்ணிச் சொல்றீங்களா,
மனசில பட்டதைச் சொல்றீங்களா?"

எண்ணினேன். பதினொன்று.

"அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார்.
"வாடகையில பாதி உங்கட சம்பளத்தில."
வெட்டுவாரா, பகிடியா, தெரியாது.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

மழைக்குள் ஓட்டோவில் வந்தார் மிஸ்,
சப்பாத்தெல்லாம் சேறு.
நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை.
"முதலே ஏன் கடைசி வரிசையைக் காட்டவில்லை?"
என்று மட்டும் கேட்டார்.
எனக்கும் அதே கேள்விதான், மிஸ்.
அவருக்கும் அது இருந்திருக்க வேண்டும்,
கம்பியை ஏனோ இருமுறை துடைத்தார்.
திரும்பவும் அரக்கு உருகியது.
திரும்பவும் மூன்று பங்கு.

இப்போது மேசையில் இரண்டு பொட்டலம்.
ஒன்றுக்குப் பதில் வந்துவிட்டது,
மற்றதற்கு இன்னும் இல்லை.
பிளேன்டீ கொண்டுவந்த பெடியன்
கிளாசை வைக்க இடம் தேடி இரண்டையும் தள்ளிவிட்டு
"இதில எது நல்லது, ஐயா?" என்கிறான்.

இரண்டும் ஒரே சிவப்பு.
முடிச்சைத் திருப்பித் திகதி பார்த்தால்தான்
எனக்கே தெரியும்.